சிவப்பு மையில் அடித்த பெயர்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். பதினோரு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற கையோடு உபதேசம் செய்யக் கிளம்பும் ஆட்களை எனக்கே பிடிக்காது. ஆகவே நீங்கள் முகம் சுளித்துக்கொண்டு படித்தாலும் வருத்தமில்லை. என்னிடம் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பதினோரு ஆண்டுகளில் பத்தொன்பது பெயர்களைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். குடும்பத்தோடு இடம் மாறிப் போனவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாள்கணக்கில் வராதவன், அடிதடியில் இறங்கியவன், ஆசிரியரின் சட்டையைப் பிடித்தவன் என்று நானே வெளியேற்றியவர்கள் மட்டும் பத்தொன்பது பேர். ஒவ்வொரு முறையும் என்னிடம் நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அன்று மாலை பள்ளி கொஞ்சம் அமைதியாகவும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பையன் எங்கே இருப்பான் என்று ஒருமுறைகூட நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதற்குப் பிறகு வருகிறேன். வருகைப் பதிவில் அவன் எண் 27. கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். கணக்கு வராது. ஆனால் யாருடைய சைக்கிள் சங்கிலி கழன்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். பதினைந்து வயதில் அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அதற்குப் போட எங்களிடம் மதிப்பெண் இல்லை. முதலில் வாரத்தில் மூன்று நாள் வந்தான், பிறகு ஒரு நாள், பிறகு வராமலே இருந்தான். கடைசியாக வந்த நாளில் இன்னொரு பையனின் மூக்கை உடைத்தான். தாயை வரவழைத்தோம். "நான் வேலைக்குப் போன பிறகு அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது ஐயா. இங்கே இருக்கிறான் என்றால் எனக்கு ஒரு நிம்மதி" என்றார் அந்த அம்மாள், உட்காராமல், என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. நான் விதியைப் படித்துக் காட்டினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். மொத்தமும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

எட்டு மாதம் கழித்து அவனைத் திரையில் பார்த்தேன். இடைவேளையில் நான்கைந்து பையன்கள் ஒரு கைபேசியைச் சூழ்ந்து நின்றார்கள். வாங்கிப் பார்த்தால் இவன். யாருடையதோ ஒரு பைக்கின் மேல் ஏறி நிற்கிறான். கையில் நீளமான கத்தி. பின்னணியில் நெஞ்சை இடிக்கும் இசை. அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டப்பெயர் தீப்பிடித்த எழுத்துகளில் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதினைந்து விநாடி. கீழே ஆயிரக்கணக்கில் விருப்பக் குறிகள். என்னைச் சுற்றி நின்ற பையன்களின் முகத்தில் பயத்தைத் தேடினேன். இருந்தது பொறாமை.

இன்னும் நான்கு மாதம் போனது. காவல் துறையிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஒரு கொலை வழக்கு. பிடிபட்டவர்களில் ஒருவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததா இல்லையா என்று நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டுமாம். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் பெயரின் மேல் நான் இழுத்த சிவப்புக் கோடு. அதே வரியில் பிறந்த தேதி பளிச்சென்று தெரிந்தது. பதினாறு வயது, ஏழு மாதம். அந்த அதிகாரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்படிப்பட்ட பையன்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். உருப்படாதவன், ஊர்சுற்றி, சோம்பேறி. இவற்றில் கடைசிச் சொல்லைத்தான் நான் முதலில் கைவிட வேண்டியிருந்தது. வழக்கின் விவரங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தபோது தெரிந்தது: பத்து மணி வகுப்புக்கு எழுந்து வராதவன் அந்தக் கும்பலுக்காக விடிய விடியத் தெருமுனையில் காவல் நின்றிருக்கிறான். அழைப்பு வந்த ஐந்தாவது நிமிடம் போய் நின்றிருக்கிறான். ஒருநாள் போகாமல் இருந்ததற்கு 'அண்ணன்' ஆள் விட்டுத் தேடியிருக்கிறார். என் பள்ளிக்கு அவன் வராமல் போனதை நான் கவனித்தது எப்போது தெரியுமா? விதிப்படி பெயர் நீக்கலாம் என்ற நாள் வந்தபோது. வருகைப் பதிவை என்னைவிட ஒழுங்காக எடுத்தவர்கள் அவர்கள்.

"சும்மா சுற்றுகிறான்" என்று நாம் சொல்லும் பையனைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சும்மா இருப்பது அந்த வயதில் யாராலும் முடிகிற காரியமே இல்லை. அவன் காத்திருக்கிறான். யாராவது ஒரு வேலை சொல்ல வேண்டும், முடித்தால் யாராவது தோளில் தட்ட வேண்டும், தட்டுவதை இன்னும் நான்கு பேர் பார்க்க வேண்டும். முதலில் வருபவர் யார் என்பதுதான் அவன் வாழ்க்கையையே தீர்மானிக்கிறது. விளையாட்டு ஆசிரியர் வந்தால் ஒரு வழி, பட்டறைக்காரர் வந்தால் ஒரு வழி, அண்ணன் வந்தால் ஒரு வழி. அண்ணன் எப்போதும் சீக்கிரம் வந்துவிடுகிறார். அவருக்கு வேறு வேலை இல்லை.

இது இன்று முளைத்த சங்கதியும் இல்லை. ஃபிரெடரிக் த்ராஷர் என்ற சமூகவியலாளர் சிகாகோ நகரின் 1,313 கும்பல்களை ஆராய்ந்து 1927ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் பல, பிள்ளைகள் விளையாடச் சேர்ந்த கூட்டங்களாகவே தொடங்கின என்று அவர் கண்டார். வீடு, பள்ளி, வேலை இவற்றின் பிடி தளர்ந்த இடைவெளிகளில் அவை வளர்ந்தன. இன்னொரு கூட்டத்தோடு மோதல் மூண்ட பிறகே கும்பலாக இறுகின. எல்லாப் பழியையும் கைபேசியின் மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் நண்பர்களுக்கு நான் இந்த ஆண்டைத்தான் நினைவூட்டுவேன். 1927இல் யாரிடம் கைபேசி இருந்தது?

பணத்துக்காகத்தானே போகிறான் என்பீர்கள். ஆம், பணத்துக்கும்தான். ஆகவே பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம், ஏனென்றால் நம் பையன்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போதைப்பொருள் விற்ற ஒரு கும்பலின் நான்கு ஆண்டுக் கணக்கு அவர்கள் கையில் கிடைத்திருந்தது. கும்பல் கணக்கு எழுதுமா என்று நானும் வியந்தேன். எழுதியிருக்கிறது. விற்றுமுதல், ஆயுதச் செலவு, கூலிக்கு அமர்த்திய சண்டைக்காரர்கள், கொல்லப்பட்டவனின் குடும்பத்துக்குக் கொடுத்தது வரை தனித்தனி வரியில். அந்தக் கிளையின் தலைவனுக்கு மாதம் சுமார் 8,500 டாலர். அவனுக்குக் கீழே மூன்று அதிகாரிகள். அவர்களுக்கும் கீழே தெருவில் நின்று விற்ற அடிமட்டப் பையன்கள் 25 முதல் 75 பேர். அந்தப் பையன்களுக்குக் கிடைத்தது மணிக்குச் சுமார் 3.30 டாலர். அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 4.25 டாலராக இருந்தது. அதாவது, சட்டத்துக்கு அஞ்சாத அந்தத் தொழில், சட்டத்துக்கு அஞ்சி நடக்கும் எந்தக் கடையையும்விடக் குறைவாகக் கூலி கொடுத்தது. பலர் தாய் வீட்டிலேயே படுத்து எழுந்தார்கள். சிலர் செலவுக்குப் போதாமல் வேறு சில்லறை வேலைக்கும் போனார்கள்.

ஆபத்துக்கும் அதே ஏட்டில் கணக்கு இருக்கிறது. நான்கு ஆண்டும் கூடவே இருந்த ஒருவன் சராசரியாக ஆறு முறை கைதானான். இரண்டு முறைக்கு மேல் காயப்பட்டான். அவன் கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. இதை ஒருமுறை கணக்கு வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். சதவீதமும் சராசரியும் நிகழ்தகவும் ஒரே கணக்கில் வந்துவிடும். எங்கள் 27க்குக் கணக்கு வரவில்லை என்றேன் அல்லவா, அவனுக்கு நாங்கள் கொடுத்த கணக்குகளில் இப்படி ஒன்றுகூட இல்லை.

பிறகு ஏன் நிற்கிறார்கள்? மேலே இருக்கும் அந்த ஒருவனுக்காக. பரிசுச் சீட்டு வாங்குகிறவன் லட்சம் தோற்றவர்களைப் பார்ப்பதில்லை, வென்றவன் ஒருவனின் படத்தைத்தான் பார்க்கிறான். அண்ணனின் வண்டி கண்ணில் படுகிறது. அண்ணனோடு தொடங்கிய மற்ற நாற்பது பேர் எங்கே என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. இதைப் பையனின் முட்டாள்தனம் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலிடம் பிடித்த ஒருவனின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டிவிட்டு மீதிப் பேரையெல்லாம் ஓடு ஓடு என்று விரட்டியவன் நானும்தான். ஒருவன் வென்றால் போதும் என்ற பந்தயத்தை அவன் கும்பலில் சேர்ந்து கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்தது புகழ். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை. தனியாக ஆடியபோது பதின்ம வயதினரும் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடினார்கள். நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தபோது பெரியவர்களிடம் மாற்றம் இல்லை. பதின்ம வயதினரிடம் துணிச்சல் இரு மடங்கானது. இரண்டே நண்பர்கள் பார்த்ததற்கு இது. இப்போது அந்தப் பையன்களை ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்கின்றன, இரவு இரண்டு மணிக்கும் பார்க்கின்றன.

பெயர் அடிக்கப்பட்ட பையனுக்கு அந்தத் திரை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பள்ளியில் அவன் ஒரு எண். வீட்டில் ஒரு கவலை. அந்தத் திரையில்தான் முதன்முறையாக அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதுவும் எரியும் எழுத்துகளில். அந்தப் பட்டப்பெயரைக் காப்பாற்றுவதற்கு அவன் மேலும் மேலும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. சிகாகோவின் இளைஞர்களோடு பழகி, கும்பல் வாழ்க்கையைப் பாட்டும் வீடியோவுமாக இணையத்தில் ஏற்றும் பழக்கத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் கவனித்த ஒன்று எனக்கு இங்கே உதவுகிறது. திரையில் காட்டிய முரட்டுத்தனத்தில் பெரும்பகுதி ஜோடனை. இரவல் ஆயுதம், இரவல் பணம், மிகைப்படுத்திய வீரம். பணமாக வந்தது சொற்பம். ஆனால் எதிராளிகள் அதை ஜோடனை என்று எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பையன் தனியாக மாட்டும் நேரம் பார்த்து அடித்து, அதையும் படம்பிடித்துப் போடுகிறார்கள். பொய்யாகச் சம்பாதித்த பெயருக்கு உண்மையான அடி.

பிடிபட்ட மறுநாள் செய்தித்தாளில் அவனைத் தேடினேன். நான்கு பெரியவர்களின் பெயரும் வயதும் படமும் வந்திருந்தன. கடைசி வரியில், "இவர்களுடன் 16 வயதுச் சிறுவன் ஒருவனும் பிடிபட்டான்." அவ்வளவுதான். சிறாரின் பெயரை வெளியிடக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம், நானும் அதனால்தான் இங்கே பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊரெல்லாம் தன் பெயர் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் பணயம் வைத்தவன், கடைசியில் 'சிறுவன் ஒருவன்' ஆகிப்போனான். அந்தப் பட்டப்பெயரைக்கூடச் செய்தியாளர் போடவில்லை.

அந்தச் சட்டத்தை அண்ணன்கள் நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த வயது, குறைந்த தண்டனை. எனவே ஆபத்தான வேலையைச் சிறுவன் கையில் கொடு. சுவீடனில் 15 வயது ஆகாதவர்களைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க முடியாது என்ற நிலையில், செயலிகள் வழியாக முகம் தெரியாத ஆட்கள் சிறுவர்களைக் கொலை வேலைக்கே அமர்த்தத் தொடங்கினார்கள். இப்படி இளையவர்களைக் கூலிக்கு அமர்த்துவதை எதிர்க்க ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2025இல் ஒரு தனிப்படையே அமைத்தது. 'அண்ணன்' என்ற சொல்லின் பொருள் இந்த இடத்தில் எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது பாருங்கள். தம்பியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவருக்கு அந்தச் சொல் எதற்கு?

சரி, நாம் என்ன செய்கிறோம்? காலைக் கூட்டத்தில் ஒழுக்க உரை. ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிகாரியை அழைத்து மிரட்டல் உரை. நானும் அழைத்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, யாரையும் ஒரு சொல்கூடக் கடிந்து பேசாத பிள்ளைகள் நடுங்கினார்கள். கேட்க வேண்டியவன் அன்று வரவில்லை. சிறைக்கே அழைத்துப்போய்க் காட்டினால் திருந்துவார்கள் என்று நம்புகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் அதைப் பல காலம் செய்தார்கள். 1967 முதல் 1992 வரை நடந்த 9 சோதனைகளைச் சேர்த்து எடைபோட்டபோது, சிறையைப் பார்த்து வந்த பிள்ளைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியது தெரிந்தது. சும்மா விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்பது இதன் பொருள்.

பயன் தந்தது என்று நான் நம்புகிற ஒன்றைச் சொல்கிறேன். மறுபடியும் சிகாகோதான், அங்கே நோயும் பெரிது, ஆராய்ச்சியும் பெரிது. 2012ஆம் ஆண்டுக் கோடையில், வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளிலிருந்து 1,634 பேர் விண்ணப்பித்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் வேலை, வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி, கூடவே அக்கறையாக விசாரிக்க ஒரு பெரியவர். சாரா ஹெல்லர் என்ற ஆய்வாளர் 16 மாதம் அவர்களைப் பின்தொடர்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார். வேலை கிடைத்த குழுவில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது 43 சதவீதம் குறைவு. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. குறைவின் பெரும்பகுதி வேலை நடந்த எட்டு வாரத்தில் இல்லை. வேலை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு வந்தது. கை ஓயாமல் இருந்ததால் அடிதடிக்குப் போகவில்லை என்ற எளிய விளக்கம் இங்கே நிற்காது. உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது.

அது என்ன என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவனுடைய வரவை ஒருவர் எதிர்பார்த்தார். தாமதமானால் கேட்டார். போன பிறகும் அவனுக்கு அது நினைவிருந்தது. இது என் ஊகம்தான், ஆய்வின் முடிவு அல்ல.

எட்டு வாரம் வேலை கொடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லையே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மை. ஆனால் மாலை நேரம் உங்களிடம் இருக்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, பள்ளி நாள்களில் சிறார் வன்முறை உச்சத்தைத் தொடுவது பள்ளி விட்ட உடனே வரும் சில மணி நேரத்தில். விடுமுறை நாள்களில் அந்த உச்சம் இரவை நோக்கித் தள்ளிப்போகிறது. அப்படியென்றால் அந்த மணியை அடிப்பவர்கள் நாம். அந்த மணி அடித்ததும் நாம் முதலில் செய்வது விளையாட்டுத் திடலின் கதவைப் பூட்டுவது. பந்து அலமாரியில், அலமாரிச் சாவி என் மேசையில். பதினோரு ஆண்டும் அந்தச் சாவி என் மேசையில்தான் இருந்தது. தொலைந்துபோனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பயந்தேன். இரண்டு பந்து தொலைந்திருக்கும். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கடினமான கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் மற்ற நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். மூக்குடைந்த பையனின் தந்தை என் அறையில் நின்று கத்தியதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கத்தியோடு வருபவனை வகுப்பில் உட்கார வைக்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவனை அந்த வகுப்பிலிருந்து எடுங்கள். வேறு நேரத்துக்கு மாற்றுங்கள், வேறு அறைக்கு மாற்றுங்கள், தேவையென்றால் காவல் துறையையும் கூப்பிடுங்கள். பதிவேட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். வகுப்பிலிருந்து எடுப்பது ஒரு காரியம், கணக்கிலிருந்தே எடுப்பது இன்னொரு காரியம். என் நாளில் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

முடியாத காரியத்தைச் சொல்கிறேனா? ஸ்காட்லாந்தைப் பாருங்கள். கும்பல் சண்டையாலும் கத்திக்குத்தாலும் பெயர் கெட்டுப்போயிருந்த கிளாஸ்கோ அங்கேதான் இருக்கிறது. 2005இல் அங்கே காவல் துறை வன்முறையைக் குறைப்பதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, அதை ஒரு நோயைப் போல அணுகியது: யாரைப் பிடிக்கிறது, எங்கிருந்து தொற்றுகிறது, எங்கே தடுக்கலாம். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்துப் பள்ளிகள் 2006-07 கல்வியாண்டில் மட்டும் 44,000க்கும் மேற்பட்ட முறை மாணவர்களை வெளியே நிறுத்தின. 2014-15இல் அது 20,000க்கும் கீழே இறங்கிவிட்டது. பெயரையே நீக்கி நிரந்தரமாக அனுப்புவது நாடு முழுவதற்குமே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இதே ஆண்டுகளில் அங்கே இளைஞர் வன்முறையும் குறைந்தது. இதனால்தான் அது என்று நான் சொல்லவில்லை. பலர் பல வேலைகளைச் செய்தார்கள். ஆனால் பிள்ளைகளை வெளியே தள்ளாமல் இருந்ததால் பள்ளிகள் இடிந்து விழவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வித்தியாசமாக முடிவெட்டிய பையன் ஒவ்வொருவனையும் கும்பல்காரன் என்று பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. 1990களில் பாஸ்டன் நகரில் எண்ணிப் பார்த்தபோது, கும்பல்களில் இருந்தவர்கள் அந்நகரத்து இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்களைச் சுற்றியே நடந்தது. மிகச் சிலர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குச் சிலர். பாஸ்டனில் அதைத்தான் செய்தார்கள். 1996இல் அந்தக் கும்பல்களை நேரில் அழைத்து, கொலை நிற்காவிட்டால் என்ன நடக்கும், விலகி வந்தால் என்ன உதவி கிடைக்கும் என்று இரண்டையும் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

போனவன் திரும்ப மாட்டான் என்று நினைத்துத்தான் நாம் கோடு இழுக்கிறோம். அதுவும் பிழை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரப் பிள்ளைகளை 1988 முதல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், கும்பலில் சேர்ந்த பையன்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டுக்குள் வெளியே வந்துவிட்டார்கள். கும்பலில் இருந்தபோது ஏறிய வன்முறை, வெளியே வந்ததும் இறங்கியது. பிறவிக் குற்றவாளி என்று நாம் முடிவு கட்டியவன் ஒரு பருவம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அந்த நேரத்தில் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. மறுபடி சேர இந்தச் சான்று கொண்டு வா, அந்தக் கடிதம் கொண்டு வா என்கிறோம். அண்ணன் எந்தச் சான்றும் கேட்பதில்லை.

என் பத்தொன்பது பேரில் ஒருவன் அப்படித் திரும்பி வந்தான். எங்கள் 27 இல்லை, வேறொருவன். மழை நாள். தேர்வு எழுத முடியுமா என்று கேட்டான். காலக்கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முடியாது என்றேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. பெயர் நீக்கும் படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'நீண்ட நாள் வருகையின்மை' என்றோ 'ஒழுங்கீனம்' என்றோ எழுதுவோம். அதற்கு முன் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள்: நாளை காலை பத்து மணிக்கு இவன் எங்கே இருப்பான், அங்கே அவனை எதிர்பார்த்து இருப்பவர் யார். பட்டறை என்றால் பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுதுங்கள். உறவினர் வீடு என்றால் அந்த உறவினரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போங்கள். தாய் வேலையிலிருந்து திரும்பும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

பதினெட்டு மாதமாக நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், மிகத் தாமதமாக. 27ஐச் சிறார் இல்லத்தில் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் முறை, அங்கே மின்விசிறி ஒன்று ஓடவில்லை, அதைக் கழற்றிப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டான். பத்தொன்பது பேரில் பதினொருவர் இருக்கும் இடம் இதுவரை தெரிந்துவிட்டது. இரண்டு பேர் லாரி ஓட்டுகிறார்கள், ஒருவன் தையல் கடை வைத்திருக்கிறான், ஒருவனைப் பற்றி அவன் அக்கா பேச விரும்பவில்லை. மீதி எட்டுப் பேரின் பெயரும் பிறந்த தேதியும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளிக்கு நான் வந்தால் அந்தத் தாளைத்தான் நீட்டுவேன். உங்கள் பதிவேட்டில் அவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்